நாலுபெட்டிக் குடி

கம்பியூட்டர் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. "இது ஏலுமா?" என்று யாராவது கேட்டால், கேள்வி முடியுமுன்னே "ஓம்" என்று சொல்லிவிடுவோம். "தெரியாது" என்ற சொல் வாயில் வராது. எனக்கு அந்த வியாதி முற்றிப்போன வயது இருபத்தேழு. அந்த ஒரு "ஓம்" காரணமாக என் கலியாணம் நிற்கப் பார்த்தது. மருதமுனையில் ஒரு மரைக்காரின் பதவி பறிபோகப் பார்த்தது. என்னைப் பெற்ற உம்மா, நான் தன் பிள்ளைதானா என்று சபையில் எழுந்து நின்று கேட்டார்.

அப்போது நான் கல்முனை நகரில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் லெப்டொப்பில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான். அதை என் கொள்கை என்று சொல்லித் திரிந்தேன். (உண்மையில், யாரோ பாவித்துக் கழித்ததை வாங்கும்போதே அதில் லினக்ஸ்தான் இருந்தது. கொள்கை பிறகு வந்தது.)

எங்கள் வீடு சாய்ந்தமருதில். பெண் பேசியிருந்தது மருதமுனையில். பெண்ணின் பெயர் றிஸ்னா. அவளுடைய வாப்பா ஓய்வுபெற்ற சர்வேயர். நாவிதன்வெளிப் பக்கத்து வயல்காணிகளை முப்பது வருடம் அளந்தவர். வரம்பு அரையடி தள்ளிக் கிடந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது என்பார்கள். அவர் சத்தம் போடமாட்டார். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார், அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் எவ்வளவோ மேல் என்று அந்தப் பார்வையில் அகப்பட்டவர்கள் சொல்வார்கள். அவரை "மாமா" என்று கூப்பிடத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே அவரைக் கண்டால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

ஓய்வு பெற்ற பிறகு மாமா காணி அளப்பதை விட்டுவிட்டு மனிதர்களை அளக்கத் தொடங்கியிருந்தார். வம்சவரலாறு எழுதும் ஒரு மென்பொருளை எங்கிருந்தோ எடுத்து, அதில் ஆயிரத்து நானூறு பேரைச் சேர்த்திருந்தார். அவர் சொல்லச்சொல்ல எல்லாவற்றையும் தட்டியவள் றிஸ்னா. அந்த மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அவருடைய பழைய கம்பியூட்டர் ஒருநாள் காலையில் புகைவாசம் அடித்து மவுத்தாகிவிட்டது. மிஞ்சியது ஒரு பென் டிரைவ். அதற்குள் ஒரே ஒரு கோப்பு.

இங்கே குடியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். எங்கள் கரையோர ஊர்களில் குடி என்கிற வம்சப்பிரிவு தாய்வழியாக வரும். உம்மா என்ன குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. வாப்பாவின் குடி வாப்பாவோடு நின்றுவிடும். ஒரே குடிக்காரர் சகோதரங்கள் போல என்பதால் குடிக்குள்ளே பெண் எடுப்பதில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு பிரதிநிதி இருப்பார்; அவர்தான் மரைக்கார். அந்த மென்பொருளைச் செய்த வெள்ளைக்காரருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அதில் குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. நமக்குத்தான் குடும்பப்பெயர் கிடையாதே. மாமா யோசித்து, அந்தக் கட்டத்தில் ஒவ்வொருவருடைய குடியையும் எழுதிவைத்திருந்தார்.

காவினுக்கு (நிக்காஹ்வை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) மூன்று கிழமை இருக்கும்போது மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மருமகன், வாற கிழமை வெள்ளிக்கிழமை ரெண்டு பக்கத்துச் சொந்தமும் இஞ்ச சாப்பாட்டுக்கு வருகுது. அதுக்கு முதல் இதைப் பெரிசா ஒரு பெனரா அடிச்சுச் சுவர்ல போடணும். ஒங்கட குடும்பத்தையும் சேர்த்து. ஒங்கட கம்பியூட்டர்ல இது ஏலுமா?"

"ஓம் மாமா."

"அது விண்டோஸ் இல்லெண்டு றிஸ்னா சொன்னா."

"அது பிரச்சினையே இல்ல மாமா. லினக்ஸ்ல எல்லாம் ஓடும்."

மாமா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பென் டிரைவை என் கையில் வைத்து, என் விரல்களை அவரே மூடிவிட்டார். "ஒரு கொப்பி எடுத்துப்போட்டு வேலையத் தொடங்குங்க. பன்னிரண்டு வருச வேலை."

"ஓம் மாமா" என்றேன் மறுபடியும். இரண்டு நிமிடத்தில் இரண்டு பொய்.

வீட்டுக்கு வந்தவுடன் றிஸ்னாவிடமிருந்து போனில் ஒரு செய்தி: "அது தொடக்கத்தில ஒரு கேள்வி கேக்கும். கேட்டா எனக்குச் சொல்லுங்க." நான் ஒரு பெருவிரல் படத்தை அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினேன். கட்டப்போகிற பெண்ணிடம் கம்பியூட்டர் பற்றி யோசனை கேட்பதா? அதைவிட ஒலுவில் கடலில் குதிக்கலாம் என்று நினைத்த காலம் அது.

விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓடவைக்க ஒரு இடைத்தரகன் தேவை. அப்படி ஒரு மென்பொருள் இருக்கிறது. (அதன் பெயர் ஒரு மதுபானத்தின் பெயர். மாமா வீட்டில் அதை நான் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.) அதைப் போட்டேன். அதற்கு மேல் மாமாவின் மென்பொருளைப் போட்டேன். முதல் தடவை திரை கறுத்தது. இரண்டாம் தடவை லெப்டொப் ஒரு மாதிரி முனகியது. மூன்றாம் தடவை ஒரு சன்னல் திறந்தது.

திறந்த சன்னலில் ஒரு எழுத்தும் இல்லை. எழுத்து இருக்கவேண்டிய இடமெல்லாம் சின்னச்சின்னப் பெட்டிகள். தமிழுக்கும் பெட்டி, ஆங்கிலத்துக்கும் பெட்டி. எழுத்துருக்கள் இல்லை என்று விளங்கியது. அவற்றைப் போட்டுவிட்டுத் திறந்திருக்கலாம். கொப்பி எடுத்துவிட்டுத் திறந்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? "சும்மா ஓடுதா என்று பார்ப்போமே" என்று நினைத்து, பென் டிரைவில் இருந்த கோப்பை அப்படியே திறந்தேன்.

உடனே நடுத்திரையில் ஒரு சின்னச் சன்னல் வந்தது. மூன்று வரி பெட்டிகள். கீழே இரண்டு பொத்தான்கள், அவற்றிலும் பெட்டிகள். அதுதான் றிஸ்னா சொன்ன கேள்வி என்று அந்த நேரமே எனக்குத் தெரியும். போன் என் பக்கத்தில்தான் கிடந்தது. ஆனால் பெருவிரல் அனுப்பிவிட்டேனே, இனி எந்த முகத்தோடு கேட்பது? பிஸ்மில்லாஹ் சொல்லி இடது பக்கப் பொத்தானை அமத்தினேன்.

ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தது. ஆயிரத்து நானூறு வரை எண்ணியது. ஏன் எண்ணுகிறது? எனக்குத் தெரியாது. கோடு முடிந்து சன்னல் மறைந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பிறகு எழுத்துருக்களைப் போட்டேன். பெட்டிகள் மறைந்து பெயர்கள் அழகாக வந்தன. மாமா, மாமி, றிஸ்னா, எல்லாரும் இருந்தார்கள். பயம் போன இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்தது. என் குடும்பத்து முப்பது பேரையும் சேர்த்தேன்; பிள்ளைகளின் குடிக் கட்டத்தை மென்பொருள் தானே நிரப்பிக்கொண்டது, நான் கவனிக்கவில்லை. வரைபடம் மிகப் பெரிது. திரையில் சுருக்கிப் பார்த்தால் பெயர் மட்டும் தெரியும், பெயருக்குக் கீழே உள்ள குடி எறும்பு அளவில் இருக்கும். எறும்பை யார் படிப்பது? கல்முனையில் ஒரு பெனர் கடையில் கொடுத்து, எட்டு அடி நீளத்தில் அடித்தெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் மாமா வீட்டில் கூடினார்கள். குசினியிலிருந்து பிரியாணி வாசம் வந்துகொண்டிருந்தது. நான் முன்னறைச் சுவரில் பெனரைக் கட்டி, அதை ஒரு படுக்கை விரிப்பால் மூடிவைத்திருந்தேன். (ஆம், திறப்பு விழா. அதுவும் என் யோசனைதான்.) திறந்து வைப்பதற்கு மாமா மாமியின் குடி மரைக்காரைக் கூப்பிட்டார். எழுபது கடந்த, மெதுவாகக் கதைக்கிற மனிதர். அவர் விரிப்பை இழுத்தார். எல்லாரும் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த அரை நிமிடம் அதுதான்.

மரைக்கார் தன் பெயரைத் தேடிப் பிடித்தார். விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

"சர்வேயர்" என்றார் மெதுவாக. "நான் செம்பாச்சிக் குடி. இஞ்ச நெய்நாச்சிக் குடியெண்டு கிடக்கு."

"அப்படி இரிக்காதே" என்று மாமா எழுந்து வந்தார்.

"இரிக்கி. அப்ப நான் இவ்வளவு காலமும் பள்ளியில யாருக்காக இருந்தன்?"

மாமா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். பெனரின் ஒரு முனையில் தொடங்கி, வரம்பில் நடப்பது போல, அடியடியாக மறுமுனைக்கு நடந்தார். அவருடைய சொந்தப் பெயருக்கு முன் நின்றார். தலையை ஆட்டினார். அவருடைய மவுத்தான உம்மாவின் பெயருக்கு முன் இன்னும் நீண்ட நேரம் நின்றார். சுவரோரமாக இருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்ததாக என் உம்மா போய்ப் பார்த்தார். உம்மாவுக்குக் கண் கூர்மை. "இதென்ன? நான் நெய்நாச்சி. என்ட மகனுக்குச் செம்பாச்சியெண்டு போட்டிரிக்கி! அப்ப இவன் நான் பெத்த புள்ள இல்லையா?"

யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் கோடு இழுத்து இணைத்திருந்த றிஸ்னாவின் பெயரைப் பார்த்தார். அவள் செம்பாச்சி; அது மட்டும் எப்படியோ சரியாக இருந்தது. நானும் செம்பாச்சி. மாமா மெதுவாகத் திரும்பி, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"இந்தக் கடதாசிப்படி இந்தக் கலியாணம் நடக்க ஏலா, தம்பி."

கலியாணம் நடக்க ஏலா என்றதைவிட அந்தத் "தம்பி"தான் என் நெஞ்சில் விழுந்தது. காலையில் "மருமகன்" என்று வரவேற்றவர். கடைக்காரனையும் பஸ் நடத்துநரையும் கூப்பிடுகிற தம்பிக்கு நான் இறங்கிவிட்டேன்.

"கொப்பி எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் சொல்வதற்கு என்னிடம் நிறையப் பொய்கள் தயாராக இருந்தன. மென்பொருள் பழசு என்று சொல்லலாம். பென் டிரைவ் பழுது என்று சொல்லலாம். பெனர் கடைக்காரன் தலையில் போடலாம். அந்த அறையில் கம்பியூட்டர் தெரிந்த இன்னொருவர் இல்லை என்று நினைத்து வாயைத் திறந்தேன்.

அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து றிஸ்னாவின் குரல் வந்தது. "வாப்பா, நான் ஒண்டு கேக்கட்டா?" மாமா தலையசைத்தார். அவள் வெளியே வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். நேராக என்னிடம் கேட்டாள். "அது ஒரு கேள்வி கேட்டிச்சா?"

"ஓம்."

"எல்லாருடைய குடும்பப்பெயரையும் தகப்பன்வழியா மாத்தி எழுதட்டா, பிறகு பழையபடி எடுக்க ஏலாது எண்டு கேட்டிரிக்கும். புதுசா ஒரு கம்பியூட்டர்ல போடுற நேரமெல்லாம் அது கேக்கும். நான் எப்பவும் வேணாம் எண்டுதான் குடுப்பன். நீங்க என்ன குடுத்தீங்க?"

இருபது பேர் என்னைப் பார்த்தார்கள். பிரியாணிக் கரண்டியோடு மாமி குசினி வாசலில் நின்றார். இந்தப் பெண் என்னை வேண்டாம் என்று சொன்னால் அதில் ஒரு பிழையும் இல்லை என்று அந்த நேரத்தில் எனக்கு விளங்கியது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் நான் நடுங்கினேன்; மாமாவுக்காக அல்ல. அதற்கு முந்திய மூன்று மாதத்தில் போனில் நாங்கள் கதைத்ததெல்லாம் மொத்தமாக ஒரு மணித்தியாலம் இருக்காது. ஆனாலும் அவளை இழக்க எனக்குப் பயமாக இருந்தது.

"எழுத்தெல்லாம் பெட்டியா வந்திச்சி" என்றேன். "வாசிக்க ஏலாம இருந்தது. வாசிக்காமலே அமத்திட்டன். ஒங்களிட்டக் கேக்க வெக்கமா இருந்திச்சி. கொப்பியும் எடுக்கல்ல."

மாமா முற்றத்துக்கு இறங்கிப் போய், கிணற்றடியில் நின்றுகொண்டார். பன்னிரண்டு வருடம். அவருடைய முதுகைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அழுதுவிடுவேனோ என்று வேறு ஒரு பயம் வந்து சேர்ந்தது.

காப்பாற்றியவர், பதவி போன மரைக்கார்தான். பெனருக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தவர், சாவகாசமாகத் தாடியைத் தடவினார். "சர்வேயர், உள்ளுக்கு வாங்க. பேரெல்லாம் இரிக்கி. யாருக்கு யார் புள்ள எண்டு எல்லாம் சரியா இரிக்கி. குடி மட்டும்தானே போயிரிக்கி? குடி எங்கட மனசில இரிக்கி. நான் சொல்றன், இந்தப் பொடியன் தட்டட்டும்."

"ஆயிரத்து நானூறு பேர், காக்கா" என்றார் மாமா கிணற்றடியிலிருந்து. (எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்.)

"இவருக்கு வேற என்ன வேலை?"

மாமா உள்ளே வந்தார். என்னிடம் வந்து நின்றார். "கடைசி ஆள் சரியாகுமட்டும் காவின் நடக்காது" என்றார். பிறகு எல்லாரும் பிரியாணி சாப்பிட்டார்கள். நான் பெனரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து அஸர் தொழுகை முடிந்ததும் நான் மருதமுனைக்குப் போனேன். முதல் வேலையாக அந்தக் கோப்பை நான்கு கொப்பி எடுத்தேன். முன்னறையில் நான் தட்ட, மரைக்கார் சொல்வார். அவர் உம்மாவைச் சொல்வார், உம்மாவின் உம்மாவைச் சொல்வார், பிறகு அந்தக் காலத்து ஒரு வழக்கைச் சொல்வார், பிறகு தேத்தண்ணி கேட்பார். அதற்குப் பிறகுதான் குடி வரும். பெரியநீலாவணை எல்லையில் இருந்த ஒரு தென்னந்தோட்டச் சண்டையை ஆறு பேருடைய குடிக்காக ஆறு தடவை கேட்டேன். மாமா என் தோளுக்குப் பின்னால் நிற்பார். அவருடைய மூச்சு என் காதில் படும்போதெல்லாம் தப்பான எழுத்தைத் தட்டுவேன். உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து "அது நெய்நாச்சி இல்ல, செம்பாச்சி" என்று றிஸ்னா திருத்துவாள். அவள் ஒரு தடவைகூட மறக்கவில்லை. அந்த ஆயிரத்து நானூறு பேரும் அவளுக்கு மனப்பாடம். கலியாணத்துக்கு முன் நாங்கள் இருவரும் கதைத்தது பெரும்பாலும் மவுத்தானவர்களைப் பற்றித்தான்.

காவினுக்குக் குறித்திருந்த நாள் வந்தது, போனது. எங்கள் வீட்டில் உம்மா சாப்பிடும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார். அந்த நாளுக்குப் பிறகு பதினோராம் மாலை, ஆயிரத்து நானூற்று முப்பதாவது ஆளாக என் பெயரில் "நெய்நாச்சிக் குடி" என்று தட்டி முடித்தேன். அதற்குள் மாமா விண்டோஸ் உள்ள ஒரு புதிய கம்பியூட்டர் வாங்கியிருந்தார். கோப்பை அதற்கு மாற்றித் திறந்தோம். அதே கேள்வி வந்தது. இந்த முறை எழுத்துகளோடு வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன். றிஸ்னா வந்து "வேணாம்" என்பதை அமத்திவிட்டுப் போனாள்.

மாமா ஒவ்வொருவராகப் பார்த்து வந்தார். எல்லாம் சரி. மரைக்கார் செம்பாச்சிக்குத் திரும்பியிருந்தார். மாமாவின் உம்மா அவருடைய இடத்தில் இருந்தார். கடைசியாக என் பெயருக்கு வந்தார். பெயர் சரி. குடியின் இடத்தில் நான்கு பெட்டிகள்.

எனக்கு உயிரே போய்விட்டது. லெப்டொப்பில் சரியாகத்தான் இருந்தது. ஆயிரத்து நானூற்று இருபத்தொன்பது பேருக்கு வராத பெட்டி எனக்கு மட்டும் எப்படி வந்தது?

"இது ஏன் இப்படி?" என்று மாமா கேட்டார்.

எழுத்துரு, விசைப்பலகை, குறிமுறை என்று சொல்வதற்கு மூன்று காரணங்கள் என் வாயில் வந்து நின்றன. எதுவும் எனக்கு நிச்சயமில்லை. அவருடைய கண்ணைப் பார்த்தேன். "தெரியா மாமா" என்றேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "ஒரு நாளாவது சொன்னீங்களே, மருமகன்."

அடுத்த வெள்ளிக்கிழமை காவின் நடந்தது.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். ஆகவே அந்தக் கம்பியூட்டர் இருக்கும் வீட்டில்தான் இன்றும் இருக்கிறேன். பெனரும் வீண்போகவில்லை. பின்வளவில் கோழிக்கூட்டுக்குக் கூரையாகக் கட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் கோழிகளெல்லாம் மரைக்காரின் பெயருக்குக் கீழே வந்து ஒதுங்குகின்றன. என் பெயரிலுள்ள நான்கு பெட்டிகளைத் திருத்த நான் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். மாமா விடவில்லை. "அது கிடக்கட்டும்" என்பார். வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும், "எங்கட மருமகன் நாலுபெட்டிக் குடி" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார். மரைக்காரோ, அந்தக் குடிக்குப் பள்ளியில் மரைக்கார் பதவி காலியாக இருக்கிறது, ஆள் தேவையென்றால் சொல்லுங்கள் என்பார். இன்றைக்கும் ஏதாவது ஒரு சன்னலில் ஒரு பெட்டி எழுத்தைக் கண்டால் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

போன வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மாமா கம்பியூட்டரைத் திறந்து, பிள்ளையின் பெயரை அவரே இரண்டு விரலால் தட்டினார். தகப்பன் இடத்தில் என் பெயரைப் போட்டார். அந்த நான்கு பெட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு மறுபடியும் பழைய பயம் வந்தது. பிறகு பிள்ளையின் குடியின் இடத்தில் "செம்பாச்சி" என்று எழுதிவிட்டு, மடியில் கிடந்த மகளிடம் குனிந்து சொன்னார்:

"பயப்படாதீங்க மகள். குடி உம்மாட பக்கம்தான் வரும். வாப்பாட குடி வாப்பாவோட முடிஞ்சிடும்."